பயந்தது முண்ணாண்தான்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போன லோஞ்சுப் படகில் அவர் எனக்கு எதிரே இருந்தார். உயிரியல் ரியூசன் மாஸ்ரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய பழக்கம்.

"இதயத்தை ஆர் ஓட்டுறது எண்டு நினைக்கிறீர்?" என்று என்னைக் கேட்டார். "முண்ணாண்! முள்ளந்தண்டுக்குள்ளை ஓடுற நரம்புவடம். அதிலை இருக்கிற வாங்கிகள் மூளையின்ரை செய்தியை வாங்கினால்தான் நெஞ்சு வேகமா அடிக்கும், பிறசர் ஏறும். இதைத்தான் சனம் பயம் எண்டு சொல்லுது. படிச்சவனுக்குப் பயமில்லை."

பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு இருந்த பருத்த அம்மா கொட்டாவி விட்டார்.

போர்க்காலம் அது. நடுக்கடலில் விமானப்படையின் ஹெலி வந்தது. தாழப் பறந்து எங்களைச் சுற்றி, தண்ணீரில் சடசடவென்று சுட்டது. நாங்கள் குனிய முன்னரே மாஸ்ரர் அந்த அம்மாவின் மேல் விழுந்து கிடந்தார். ஹெலி போன பிறகும் அசையவில்லை.

"எழும்புங்கோ மாஸ்ரர், மூச்சு விட ஏலாமல் கிடக்கு" என்றார் அம்மா, அடியிலிருந்து.

மாஸ்ரர் எழுந்தார். சேட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. "நான் பயப்பிடேல்லை. முண்ணாண்தான்..."

"ஓம், ஓம். அடுத்தமுறை அதை வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ."

லோஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். சூடு பட்டிருந்தால் மேலே கிடந்தவருக்குத்தான் முதலில் பட்டிருக்கும் என்பது கரையேறிய பிறகே எனக்கு உறைத்தது. அதை யோசித்துத்தான் விழுந்தாரா, மெத்தென்ற இடம் பார்த்து விழுந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.