நைனா சாய்ந்த சுவர்

சித்தூரில் நான் வேலை பார்த்த வெல்ல மண்டி ஆபீசில், கணக்கர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தலை அளவுக்கு ஓர் எண்ணெய்க்கறை இருந்தது. என் நைனாவின் தலை. வருஷக்கணக்காக அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருத்தணி தமிழருக்கா ஆந்திரருக்கா என்ற எல்லைத் தகராறு சூடாக இருந்த நாளில், "திருத்தணி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவர் திரும்பவில்லை. முதலாளி மனமிரங்கி அந்த நாற்காலியை மகளான எனக்குக் கொடுத்தார். அம்மா குங்குமத்தை விடவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? "இன்னும் எதுக்குப் பொட்டு?" என்று ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆந்திர ராஜ்யம் வந்தாச்சு, ஆபீசும் புதுசா இருக்கட்டும்" என்று முதலாளி மெட்ராசிலிருந்து சுவரில் ஒட்டும் காகிதம் வரவழைத்தார். பச்சை நிறம், தடவினால் விரலில் தட்டுப்படும் புடைத்த இலைகள். மைதாப் பசையில், பூஞ்சை பிடிக்காமலிருக்க, மயில்துத்தம் கலந்து ஒட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெல்லத்தின் விலையையே கேட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். நைனாவை மூடிவிட்டார்களே!

மழைக்காலத்தில் ஒரு காலை, நாற்காலிக்குப் பின்னால் சில இலைகள் மட்டும் கறுத்திருந்தன. தொட்டேன். ஈரமில்லை, பிசுக்கு. கரிசலாங்கண்ணி போட்டு அம்மா காய்ச்சும் எண்ணெயின் வாசனை. நான் அங்கே ஒருநாளும் சாய்ந்ததில்லை, மனசு வந்ததில்லை. போகப் போக அது ஒரு தலையாயிற்று.

மூட்டை தூக்கும் பெரியவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். "செத்தவங்கதாம்மா இப்டி வந்துக்கினு இருப்பாங்க."

"பழைய எண்ணெய் ஊறுது. உங்க வேலையப் பாருங்க" என்று சீறினேன். ஆவி என்று ஒப்புக்கொண்டால் அம்மாவின் பொட்டை நானே அழித்த மாதிரி ஆகாதா?

முதலாளி அதன்மேலேயே இன்னொரு தாள் ஒட்டச் சொன்னார். "மறுபடி வந்தா, உங்கம்மாகிட்ட சொல்லிக் காரியம் பண்ணிடுங்கம்மா. வர்ற ஜனம் பயப்படுது" என்றார். அன்றிலிருந்து தினமும் ஆபீசுக்குள் நுழையும்போதே சுவரைப் பார்க்கப் பயந்தேன்.

வந்தது. ஆனால் பழைய இடத்தில் இல்லை. நாலு விரல் கீழே இறங்கி, லேசாக ஒருபக்கம் சரிந்து வந்திருந்தது. மேலே இருந்த இலைகள் சுத்தப் பச்சை.

முதலாளி அம்மாவை வரவழைத்தார். அம்மா சுவர் முன்னால் நின்று கறையை உள்ளங்கையால் தடவினாள்.

"முன்னே இதுக்கு மேலதானே இருந்துச்சு?"

"ஆமாம்மா."

கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். "அவருக்குக் கூன் விழுந்துக்கினு இருக்குது. செத்தவங்களுக்கு வயசாவுமா ஐயா?"

அம்மா குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

மூன்றாவது தாள் ஒட்ட முதலாளிக்குத் துணிவில்லை. அடுத்த மழைக்கு அந்தக் கறை இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவருக்கு இடம் வேண்டுமே.