அம்மாவின் இடப்பக்கம்

ஏழு வயதில் எனக்கு ஒரு வித்தை தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் ஓரிடத்தில் நின்றுகொண்டே என் குரலை இன்னோர் இடத்துக்கு எறிய முடியும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒருவர் மரப்பொம்மையோடு வந்து, வாயை அசைக்காமலே அதைப் பேசவைத்துவிட்டுப் போயிருந்தார். பல வருடப் பயிற்சி வேண்டும் என்று டீச்சர் சொன்னார். எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

சமையலறையில்தான் அதைக் கண்டுபிடித்தேன். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "அம்மா" என்றேன். அவள் வலப்பக்கம் திரும்பி ஜன்னலருகே தேடினாள். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி ஜன்னலையே பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே வித்தையை அப்பாவிடம் காட்டினேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கதவுக்குப் பின்னாடி என்ன பண்ற?" என்று கேட்டார். அப்பாவுக்கு ரசனை போதாது என்று விட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் சிட்லபாக்கத்தில் மாடி வீட்டில் குடியிருந்தோம். ஏரியைச் சுற்றியிருந்த தெருக்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், சர்க்கரை இல்லாதவர்கள் குறைவு. அம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் அவர்கள் காபி குடிப்பதற்குள் வீடு வீடாக ஸ்கூட்டரில் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று அவள் கைக்கு அந்தத் தெருக்களில் நல்ல பெயர். நான் பிறந்தபோது விட்ட வேலை அது. திரும்பப் போக வேண்டுமானால் வண்டி வேண்டும். வேளச்சேரி ரோட்டில் பஸ்கள் வரும் வேகத்தைச் சொல்லிச் சொல்லியே அப்பா தள்ளிப்போட்டார். ஒரு வருடம் வாதாடித்தான் அம்மா அந்த ஸ்கூட்டரை வாங்கினாள். அதைத் துடைக்கும்போது மட்டும் ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள்.

லீவு நாட்களில் என்னையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள். போகும்போது எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. "லெஃப்ட்ல என்ன வருது, சொல்லு" என்று அடிக்கடி கேட்பாள். ஷேர் ஆட்டோ, பால் வண்டி, கறுப்பு நாய் என்று நான் உடனுக்குடன் சொல்ல வேண்டும். அவளுடைய வலது தோள்பக்கம் முகத்தைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதி என்றால் விதிதான், நான் காரணம் கேட்டதில்லை. சில வீடுகளில் பால்கனியிலிருந்து "மேல வாம்மா" என்று குரல் வரும். அம்மா எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான்தான் துப்பட்டாவை இழுத்துத் திருப்புவேன். பாவம், அம்மாவுக்கு வீடு கண்டுபிடிக்கவே வராது என்று நினைத்துக்கொள்வேன்.

என் எட்டாவது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கேக் வெட்டியானதும் எல்லோரையும் உட்காரவைத்து, வித்தை காட்டப்போவதாக அறிவித்தேன். அம்மா மட்டும், "இப்ப வேணாண்டா கண்ணு, சாப்பிட லேட்டாகுது" என்றாள். பிறந்தநாள் கொண்டாடுகிறவள் பேச்சை யார் தட்ட முடியும்? ஹால் நடுவில் நாற்காலி போட்டு, அவளை உட்காரவைத்து, அவள் துப்பட்டாவாலேயே கண்ணைக் கட்டினேன். குரல் வரும் பக்கம் கையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இடப்பக்கம் நின்று கூப்பிட்டேன். அம்மா வலப்பக்கம் கை நீட்டினாள். சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. ஷோகேஸ் ஓரத்திலிருந்து கூப்பிட்டேன், வாசற்படியிலிருந்து கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் கை வலப்பக்கமே போனது. எதையும் நம்பாத சித்தப்பா எழுந்து வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று "அண்ணி" என்றார். அப்போதும் கை வலப்பக்கம்தான் போனது. சித்தப்பா சிரிக்கவில்லை. அத்தை கைதட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அப்பா வந்தார். அம்மாவின் இடது தோளைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் நின்று, "நான் எங்க நிக்கிறேன், சொல்லு" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா உடனே கையைத் தூக்கவில்லை. துப்பட்டாவுக்குக் கீழே அவள் உதடு மட்டும் தெரிந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டு வலப்பக்கம் கையை நீட்டினாள். அங்கே யாரும் இல்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மடியில் இறங்கியது.

"எத்தனை நாளா?" என்று அப்பா கேட்டார்.

"போன வருஷம் வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் கேக்குதே" என்றாள் அம்மா.

பிள்ளைகளை எல்லாம் கேக்கோடு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். இறங்கி வந்தபோது சொந்தக்காரர்கள் கிளம்பியிருந்தார்கள். ஸ்கூட்டர் சாவி ஆணியில் இல்லை, அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை யாரும் பாராட்டவே இல்லை என்ற குறை எனக்கு. வலப்பக்கமாகப் போய், "நல்லா எறிஞ்சேனாம்மா?" என்று கேட்டேன். அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் எறிஞ்ச" என்று சொல்லி, ஈரக்கையால் என் முன்முடியை ஒதுக்கிவிட்டாள்.

பல வருடம் கழித்து, கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் ரயிலில், ஒரு பாடப்புத்தகத்தில் அதைப் படித்தேன். இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு முதலில் போகிறது. வலது காதுக்குக் கொஞ்சம் பிந்தி, தலை மறைப்பதால் கொஞ்சம் அடங்கிப் போகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத அந்த வித்தியாசத்தை அளந்துதான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காது போய்விட்டால் அளக்க வழியில்லை. சத்தம் கேட்கும், சொல் புரியும், இடம் மட்டும் தெரியாது. எல்லாமே நல்ல காதின் பக்கத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். தாம்பரம் வரும்வரை புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். பயந்தார், அவ்வளவுதான். ஆனால் அம்மா ஒரு காதை இழந்த பிறகும், கண்ணை வைத்தும் என்னை வைத்தும் அந்தத் தெருக்களைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவள் இழந்தது வண்டியையும் வேலையையும். வித்தை காட்டி அவற்றைப் பறித்துவிட்டவள் நான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பிறந்தநாளுக்குப் பத்து நாள் கழித்து, ஏரிக்கரைத் தெருப் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கே நடந்து வந்தார். அம்மாவிடம் மட்டுமே ரத்தம் கொடுப்பவர். அம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே, அவளுக்கு இடப்பக்கமாக நின்று, "ஏம்மா, நீ வரலையே, வேற யாரோ பையன் வந்து ரெண்டு தடவ குத்திட்டான்" என்றார்.

அம்மா பால்கனியின் வலது கோடிக்கு ஓடிப்போய், கம்பியைப் பிடித்துக் குனிந்து தெருவில் தேடினாள். அங்கே யாரும் இல்லை. அவர் மறுபடி கூப்பிட்டார், அவள் மறுபடி அங்கேயே தேடினாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். துப்பட்டாவை இழுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தாத்தாவுக்கும் என் வித்தை எப்படியோ தெரிந்துவிட்டதே என்று, எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது.