துடுப்பின் உயரம்

கவிகாவின் சாம்பலைத் தோணியில் கொண்டுபோகலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவன் மனைவி மோமி ஒப்பவில்லை. தினமும் விடிந்ததும் அலைப்பலகைமேல் நின்று துடுப்புப் போட்டபடி கடலுக்குள் போன மனுஷன். அப்படியேதான் போகவேண்டும், கூட்டிப்போவதும் தான்தான் என்றாள். அவளுக்கு நீந்தத் தெரியும். பலகையில் ஏறியதில்லை. அவர்கள் ஊரான மகாஹாவின் கரையில் அவளுக்கு எப்போதும் வேலை இருந்தது.

கவிகாவின் தம்பி லோபாகா ஆழமில்லாத இடத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"முட்டி போட்டு ஏறுங்க அண்ணி. நடுவுல. காலப் பாக்காதீங்க, தூரத்தப் பாருங்க."

எழுந்தாள். துடுப்பைப் போட்டாள். விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள்.

மரத்தடியில் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கத்தினாள். "ஏய் மோமி, உப்பு சரியா இருக்கான்னு எத்தன தடவதான் பாப்ப?"

மோமியும் சிரித்துவிட்டாள்.

"பலகை மேல தப்பில்ல அண்ணி" என்றான் லோபாகா. "துடுப்பு. அவங்கவங்க தலைக்கு மேல ஒரு சாண் இருக்கணும். இது அண்ணன் உசரத்துக்கு வெட்டினது, உங்க தோள மேல தூக்கிக் கவுத்துடுது. அறுத்துடலாம்."

"உங்கண்ணன் சாமானத்த அறுப்பியா நீ?"

"அப்ப என்னோடத எடுத்துக்குங்க."

"அவரு கைபட்டதுதான் வேணும்."

"சரி. ஞாயித்துக்கிழம சாம்பலக் கரைக்கத் தோணியவே சொல்லிடறேன்."

சனிக்கிழமை மாலைவரை விழுந்தாள். பிறகு ஈரத் துணியோடு வீட்டுக்குப் போய் ரம்பத்தை எடுத்துவந்தாள். லோபாகா மேல்பிடியைக் கழற்றிக் கொடுத்தான். அவளே அறுத்தாள்.

முழங்கை நீளத்தில் ஒரு துண்டு மணலில் விழுந்தது. கவிகா தன்னைவிட இவ்வளவு உயரம் என்பது அவளுக்குத் தெரியாது. அவளிடம் பேசும்போதெல்லாம் குனிந்துதான் பேசுவான்.

லோபாகா பிடியை மறுபடி ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை விழாமல் போனாள். உறவினர்கள் தோணியில் பின்னால் வந்தார்கள். பவளப்பாறையைத் தாண்டியதும் முட்டி போட்டாள். கழுத்திலிருந்த பூமாலையின் நாரை உருவிவிட்டுப் பூக்களை மட்டும் நீரில் விட்டாள். சாம்பலைக் கவிழ்த்தாள். வெளுப்பாகக் கொஞ்சநேரம் தெரிந்தது.

எழுந்து நின்று கரைப்பக்கம் திரும்பினாள்.

"அங்கேர்ந்து பாத்தா நீ துணி காயப்போடறது தெரியும்டி" என்பான் கவிகா. மனைவிக்காகச் சொல்லும் பொய் என்று நினைத்திருந்தாள்.

தெரிந்தது. வீடு, கொடிக்கயிறு, காலையில் அவள் உலர்த்திவிட்டு வந்த அவன் சட்டைகூட.

கயிற்றடியில் யாரும் இல்லை.