மைக் முன்னால் தொலைந்துபோன ‘ஊடு’

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். என் மகள் சரண்யா வேலை முடிந்து வந்தாள். தோள்பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பா… இந்த வேலை வியாழக்கிழமையோட போனாலும் போயிருமுங்க.”

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

பிள்ளைகளே, இதை அந்த வாரமே உங்களுக்கு எழுதியிருப்பேன். “முடிவு தெரியாம எழுதாதீங்கப்பா, பசங்க கவலப்படுவாங்க” என்று அவள்தான் தடுத்துவிட்டாள். அதனால்தான் இந்தப் பக்கத்தில் இடையில் லாரி ஹாரனைப் பற்றியும், எங்கள் பட்டறைப் பூனையைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேன். வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகி பூனையை விசாரித்து எழுதியிருந்தாள். பூனை நலம். அதற்கு ஒரு கவலையும் இல்லை.

கவலை எல்லாம் எங்கள் வீட்டில்தான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்பவன். பத்தாவது வரை படித்தவன். சரண்யா என்னைப் போல இல்லை. பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருஷம் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தவள்.

பள்ளியின் பெயர்ப்பலகையில் இங்கிலீஷ் மீடியம் என்று எழுதியிருக்கும். ஆனால் வருகிற பிள்ளைகள்? கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகள், லாரிப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். வாயைத் திறந்தால் தமிழ்தான். சரண்யா கணக்கை இங்கிலீஷில் ஆரம்பிப்பாள். எதிரே உள்ள முகங்களைப் பார்ப்பாள். முகம் சுருங்கினால் தமிழுக்கு மாறுவாள். முகம் மலர்ந்தால் திரும்ப இங்கிலீஷ். ஒரே மணி நேரத்தில் இரண்டு மொழிக்கும் போய்ப் போய் வருவாள், டவுன் பஸ் மாதிரி.

லீவு நாட்களில் பிள்ளைகளின் அம்மாக்களுடைய போனுக்கு மூன்று நிமிடக் கதை ஒன்றை வாய்ஸ் மெசேஜாக அனுப்புவாள். அதிலும் இரண்டு மொழிதான். அது கை மாறிக் கை மாறி, சேலம் சூரமங்கலத்தில் இருக்கிற ஒரு சின்ன கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆப் செய்கிறவர்கள். “எங்களோட வந்துருங்களேன்” என்று கூப்பிட்டார்கள். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம்.

சரண்யா ஒரு வாரம் தூங்காமல் யோசித்தாள். பிறகு பள்ளியில் ராஜினாமா கொடுத்தாள்.

என் மனைவிக்கு இதில் பெரிய சங்கடம். “டீச்சர்னா நாலு பேருக்குப் புரியும். இதை நான் என்னன்னுங்க சொல்றது?” எதிர் வீட்டு மல்லிகா அக்கா கேட்டபோது, “செல்போன்ல வேலை” என்று சொல்லி வைத்தாள். மறுநாள் காலையில் மல்லிகா அக்கா ஒரு பழைய சார்ஜருடன் வந்து நின்றார். “பொண்ணுகிட்டக் குடுத்து ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லு சாமி!” எங்கள் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிட்டால் யாருமே ‘சாமி’தான்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்கு சரண்யா தன் பழைய பள்ளிக்கே டேப்லெட்டுடன் போயிருந்தாள். ஆப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எப்படி இருந்தது என்று வியாழக்கிழமை ஆபீஸில் சொல்ல வேண்டும். அவள் ‘நன்றாக இருக்கிறது’ என்றால், அடுத்த மாதம் அது பல பள்ளிகளுக்குப் போகும்.

ஆட்டம் சுலபம். டேப்லெட்டில் ஒரு படம் வரும். அது என்ன என்று பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். சரியென்றால் பச்சை நட்சத்திரம். இல்லையென்றால் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

கனிஷ்கா என்று ஒரு சிறுமி. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) இரண்டாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் மூன்று மாதம் வாயே திறக்காதவள். சரண்யாதான் மெல்ல மெல்லப் பேச வைத்தாள். அன்றைக்கு அவள் முன்னால் ஒரு வீட்டின் படம் வந்தது.

“ஊடு” என்றாள் கனிஷ்கா.

சிவப்பு.

எங்கள் பக்கத்தில் வீட்டை ஊடு என்றுதான் சொல்வோம். விடு என்பது உடு. விழுந்தான் என்பது உழுந்தான். அவள் வேறென்ன சொல்வாள்?

“ஊடு!” சத்தமாகச் சொன்னாள். சிவப்பு. மெஷினுக்குக் காது கேட்கவில்லையோ என்று கிட்டப்போய்க் கத்தினாள். மறுபடியும் சிவப்பு.

அவள் டேப்லெட்டைத் தள்ளி வைத்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவே இல்லை… சரண்யாவிடம்கூட.

“மெஷின் தப்புன்னா மெஷின் பண்ணுனவங்க பாத்துக்குவாங்க. உனக்கு என்ன சாமி?” என்றேன் நான்.

“அதுக்குப் பேச்சைச் சொல்லிக் குடுத்ததே நாந்தானுங்கப்பா.”

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த ஆப் எங்கள் பக்கத்துப் பேச்சைப் புரிந்துகொள்ள, எங்கள் பக்கத்து ஆட்களின் குரல்களை அதற்கு நிறையக் கேட்க வைக்க வேண்டுமாம். அந்தக் குரல்களைச் சேகரித்தவள் சரண்யா. அதுவும் எங்கே? எங்கள் வீட்டு ஹாலில். தெருக்காரர்கள், பட்டறைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று நாற்பது பேர் வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“நாப்பது பேரும் இந்த ஊர்க்காரங்க. அப்புறம் எப்படி அதுக்கு ஊடு தெரியாமப் போச்சு?” என்றேன்.

“அதாங்க எனக்கும் புரியல.”

லேப்டாப்பைத் திறந்தாள். ஒவ்வொரு குரலாகக் கேட்க ஆரம்பித்தோம்.

முதலில் என் மனைவி. குரல் மட்டும்தான் பதிவாகும் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள். அந்தப் பட்டுச்சேலை குரலிலும் இருந்தது. “இது… வீ…டு.”

அடுத்து மல்லிகா அக்கா. தெருவில் தண்ணீர் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறவர், மைக் முன்னால் செய்தி வாசிப்பவராகிவிட்டார். “இது வீடு ஆகும். இது மரம் ஆகும்.”

சின்னப் பிள்ளைகள்? ஒரு பையன் “ஊ…” என்று ஆரம்பிக்கிறான். பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல்: “ஒழுங்காப் பேசுடா!” உடனே பையன், “வீடு.”

இப்படியே எல்லாம் கேட்டு, கடைசியாக ஒரு ஆண் குரல். கனத்த, மிடுக்கான குரல். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்தேன். நான்தான்!

அன்றைக்கு எனக்கும் பயம். ‘ஊ’ என்று வாயில் வந்தால் அது பட்டிக்காட்டுப் பேச்சு, ‘வீ’ என்று மாற்றிவிட வேண்டும் என்று நாக்குக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வீட்டின் படம் வந்தது. “வீடு” என்றேன். ஜம்மென்று இருந்தது. அடுத்து ஊஞ்சல் படம் வந்தது.

“வீஞ்சல்” என்றேன்.

ஆமாம் பிள்ளைகளே. வீஞ்சல். தெளிவாக, கம்பீரமாக, சந்தேகமே இல்லாமல்.

என் மனைவி அடுப்பங்கரையில் போய்ச் சிரித்தாள். சரண்யா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “இன்னொருக்கா போடு சாமி, அப்பா வீஞ்சல் ஆடட்டும்!” என்று உள்ளேயிருந்து குரல் வேறு.

சட்டென்று சரண்யா சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்பா… நாப்பது பேருல ஒருத்தருகூட ஊடுன்னு சொல்லலீங்க.”

லாரியில் பிரேக் லைட் எரியவில்லை என்றால் டிரைவர்கள் உடனே பல்பைத் திட்டுவார்கள். புது பல்பு வாங்கி மாட்டுவார்கள். அதுவும் எரியாது. பல்பு நன்றாகத்தான் இருக்கும். பின்னால், கரண்டு திரும்பிப் போகிற எர்த் வயரின் முனை துருப்பிடித்திருக்கும். அன்றைக்கு மூன்று பேரும் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தோம். கோளாறு எங்கள் ஹாலில் இருந்தது. எங்கள் பேச்சை எங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வந்த ஒன்றிடம், எங்கள் பேச்சை மறைத்து வைத்துவிட்டோம். மரியாதைக்காக! ஒரு மைக்குக்கு இவ்வளவு மரியாதையா?

இப்போது நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

“இதை ஆபீஸ்ல சொல்லாத சாமி. ஆறு மாசம் முடியட்டும். வேலை கைக்கு வந்தப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம்” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நான் தப்புன்னு இப்பச் சொல்லலைன்னா, கனிஷ்கா தப்புன்னு ஆயிருமுங்கப்பா.”

தேங்காயைத் துருவப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ஆபீஸில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேனேஜர் மேடம் சென்னைக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

“அப்ப எல்லா குரலையும் மறுபடி எடுக்கணுமா?”

“ஆமாங்க மேடம்.”

“இது உங்க தப்புதானே சரண்யா?”

“ஆமாங்க மேடம்.”

மேடம் பிறகு கேட்டிருக்கிறார்: “ஆனா புக்ல வீடுன்னுதானே இருக்கு? அந்தக் குழந்தை சொன்னதும் தப்புதானே?”

அப்போதுதான் சரண்யா ஆப்பை மறந்துவிட்டு டீச்சராகப் பேசியிருக்கிறாள்.

“வகுப்புல நான் தப்புன்னு சொன்னதில்லீங்க மேடம். பிள்ளை ‘ஊடு’ம்பா. ‘அது ஒரு பேரு, இன்னொரு பேரு இருக்கே?’ம்பேன். வீடுன்னு வரும். ‘இங்கிலீஷ்ல?’ம்பேன். ஹவுஸ்னு வரும். முத வார்த்தையையே தப்புன்னுட்டா, மீதி ரெண்டும் வராதுங்க.”

மேடம் ஒரு பேப்பரை எடுத்து அந்த மூன்று பெயர்களையும் எழுதினாராம். பேனாவை மூடிவிட்டு, “எத்தனை நாள் வேணும்?” என்றாராம்.

மூன்று வாரம் கிடைத்தது.

இந்த முறை படமும் இல்லை, பட்டுச்சேலையும் இல்லை. மைக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி மேசைமேல் வைத்தாள். “பதிவாகுதுங்க, சம்மதமா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “உங்க ஊட்டுக்கு எப்படி வாரதுன்னு வழி சொல்லுங்க.”

மல்லிகா அக்கா முதலில் ‘ஆகும்’ போட்டுத்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவருக்குப் பொறுக்கவில்லை.

“பால் சொசைட்டிகிட்ட எதுக்குத் திரும்பறது? நேரா உடச் சொல்லு!”

“நேரா உட்டா சாக்கடைல போய் உழுகறதா? என்ற ஊட்டுக்கு எனக்கு வழி தெரியாதா?”

“உன்ற ஊடா? வரி கட்டறது ஆரு?”

முடிந்தது. அதற்குப் பிறகு மைக் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. சரண்யா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலெல்லாம் கேள்வி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளைகளிடம் இன்னும் சுலபம். “உன்னை ஆரு தள்ளி உட்டா?” என்று கேட்டால் போதும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

வேலை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? நிரந்தரம் என்று இன்னும் தாள் வரவில்லை. சோதனைக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கிறது. ஆனால் தம்மம்பட்டிப் பக்கத்துக் குரல்களையும் சரண்யாவே போய் எடுக்கட்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். வெளியே அனுப்பப் போகிறவளிடம் அடுத்த ஊர் வேலையை யாராவது கொடுப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அதே பள்ளிக்கு மறுபடியும் டேப்லெட் போனது. சரண்யாவை பைக்கில் கொண்டுபோய் விட்ட நான், வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

டேப்லெட்டைப் பார்த்ததும் கனிஷ்காவின் கை தானாக வாய்க்குப் போனது. சரண்யா வற்புறுத்தவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

கனிஷ்கா விரலைக் கொஞ்சமாக விலக்கி, காற்றுக்குக்கூடக் கேட்காத மாதிரி சொன்னாள்: “ஊடு.”

பச்சை நட்சத்திரம்! “ஆமாம், அது ஒரு பெயர். இன்னொரு பெயர் தெரியுமா?” என்றது டேப்லெட்.

கை வாயிலிருந்து இறங்கியது. “வீடு.”

“இங்கிலீஷில்?”

“ஹவுஸ்!” இது பக்கத்து வகுப்புக்கே கேட்டிருக்கும்.

அதோடு அவள் விட்டாளா? டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். சுவரில் இருந்த பல்லியை அதற்குக் காட்டினாள். “இது என்ன, நீ சொல்லு பாக்கலாம்?”

பாவம், அதற்குப் பல்லி தெரியவில்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கனிஷ்கா அதன் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“பரவால்ல சாமி. மெதுவா யோசிச்சுச் சொல்லு.”

அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று கேள்வி.