சூடு தெரியாத கை

தீய்ந்த வாடை முதலில் என் மனைவி கஸ்தூரிக்குத்தான் வந்தது.

"யோவ், அட்டை தீயுது பாரு," என்றாள்.

நான் கையிலிருந்த வாழ்த்து அட்டையைப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நட்சத்திரமும் அதைச் சுற்றிய இலைகளும் தங்க நிறத்தில் உருகி, எழும்பி, பளபளவென்று நின்றன. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை அணைத்துவிட்டு ஒயரைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன். எங்கேயும் தீயவில்லை. அவள் எழுந்து வந்து என் இடது கையைத் திருப்பினாள். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் தோல் வெளுத்து, ஓரம் கருகியிருந்தது.

"இன்னாய்யா இது, தோலு வெந்து கீது. வலிக்கல?"

"இல்ல," என்றேன்.

அவள் கை வைத்தியத்துக்கு ஓடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலிக்கவில்லை என்று நான் சொன்னது புண்ணைவிட அவளைப் பயமுறுத்தியது. எனக்கு அந்தப் பயம் வர இன்னும் சில வாரங்கள் ஆயின.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது கையிலோ காலிலோ இப்படி மரத்துப்போன ஓர் இடம் இருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் இருந்தால் பேசக் கூச்சப்படுவேன். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, அதனால் இது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

எங்கள் வீடு எர்ணாவூர் குடியிருப்பில், இரண்டாவது மாடி. மகன் வேலைக்கு வெளியூர் போனபின் நாங்கள் இருவர்தான். பகலில் நான் மணலி பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறேன். கஸ்தூரியும் பக்கத்து வீட்டு பிலோமினாவும் சேர்ந்து வாழ்த்து அட்டை செய்கிறார்கள். கிறிஸ்துமஸ், பொங்கல், பிறந்தநாள், கல்யாணம் எல்லாவற்றுக்கும் உண்டு. ராயபுரத்தில் ஒரு பரிசுப்பொருள் கடையில் வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். எங்களிடம் இருப்பது ஒரே மேசை. அதில்தான் சாப்பாடும், அதில்தான் அட்டையும்.

அந்த வேலை இப்படி. சீக்கிரம் காயாத ஒரு பசை மையில் ரப்பர் அச்சைத் தொட்டு அட்டையில் குத்த வேண்டும். ஈரம் இருக்கும்போதே அதன்மேல் சூட்டில் உருகும் பவுடரைக் கொட்டி, தட்டிவிட்டால் அச்சில் மட்டும் பவுடர் ஒட்டியிருக்கும். பார்க்க மணல்போல மங்கலாக இருக்கும். பிறகு ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஓர் ஓரத்தில் மணல் எண்ணெயாக மாறும். அந்தப் பளபளப்பு அப்படியே படம் முழுக்க ஓடும். உடனே சூட்டை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் உருகியது அட்டைக்குள் இறங்கி, அட்டையும் வளைந்துவிடும். ஆறியதும் தடவிப் பார்த்தால் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும்.

மேலிருந்து சூடு காட்டினால் பவுடர் பறக்கும். கீழிருந்து காட்டுவதுதான் நல்லது. ஆனால் அட்டையைப் பிடிப்பவர் விரலும் சேர்ந்து சுடும். கிளிப் போட்டால் அட்டை ஓரத்தில் தழும்பு விழும். அதனால் கஸ்தூரியும் பிலோமினாவும் மாற்றி மாற்றிப் பிடித்து, "ஸ்ஸ்" என்று உதறிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நான் பிடித்தேன். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் அட்டைக்கு அடியில் அண்டக் கொடுத்துப் பிடித்தேன். எனக்குச் சுடவில்லை.

"அண்ணனுக்கு இரும்புக் கைதான்க்கா," என்றாள் பிலோமினா. "எங்க வூட்டுக்காரரு டீ கிளாஸ புடிக்கவே துண்டு தேடுவாரு."

அன்றிலிருந்து சூடு காட்டும் வேலை என்னுடையது. மூட்டை தூக்கித் தூக்கிக் கை காய்த்துவிட்டது, அதனால்தான் சுடவில்லை என்று நாங்கள் மூவரும் நினைத்தோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த மேசையில் எனக்கென்று ஒரு வேலை கிடைத்ததே அந்தக் கையால்தான்.

முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு ரொம்ப நாளாக இருந்தது. தேமல் என்று களிம்பு தடவி வந்தோம். அது அரிக்கவில்லை, வலிக்கவில்லை. தொந்தரவு செய்யாததை யார் கவனிக்கிறார்கள்?

எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் சூட்டுப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸம்மாதான் அந்தத் திட்டைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னார். கஸ்தூரியும் கூட வந்தாள். டாக்டரம்மா வயதில் சிறியவர். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பேனா முனையால் தொடுவேன், எங்கே தொடுகிறேனோ அங்கே விரலால் காட்டுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிங்க மேடம்," என்றேன்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சுங்க," என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். சுண்டுவிரல், மோதிர விரல், உள்ளங்கை ஓரம், அந்தத் திட்டு எல்லா இடத்திலும் நீல நிறப் புள்ளிகள். அவ்வளவு இடங்களில் ஒருவர் என்னைத் தொட்டிருக்கிறார். கஸ்தூரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா என் முழங்கையை மடக்கி, உட்பக்கத்தில் விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே அல்நார் நரம்பு (முழங்கை வழியாக ஓடிச் சுண்டுவிரலுக்கு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு) கயிறுபோலத் தடித்திருந்தது. காது மடலில் லேசாகக் கீறி நீர் எடுத்துச் சோதித்தார்கள். பிறகு பெயரைச் சொன்னார். தொழுநோய்.

எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஆளைத் திட்டுவதற்குப் பயன்படுத்தும் பெயர். அதுதான் என் காதில் கேட்டது.

விரல் போய்விடுமா என்று நான் கேட்கவில்லை. என் வாயில் வந்தது வேறு. "மேடம், நான் வூட்ல இருக்கலாமா?"

"வேற எங்க போவீங்க?" என்றார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, புள்ளி வைத்த அதே கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேசினார். இது கிருமியால் வருவது. தொட்டால் ஒட்டிக்கொள்வது இல்லை. மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டால் நோய் போய்விடும். மாத்திரை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. நரம்புக்கு நேர்ந்தது மட்டும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

சொன்னது எல்லாம் புரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்தேன். கதவோரம் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மேசையில் இனி எனக்கு இடம் இருக்காது என்பதுதான் என் பயமெல்லாம். யாராவது எழுந்துபோ என்று சொல்வதற்குள் நானே எழுந்துவிடுவது நல்லது என்று பட்டது.

கஸ்தூரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டரம்மா அவ்ளோ நேரம் உன் கைய புட்சிகினு பேசுனாங்க. அவங்க பயப்படல. உனக்கு இன்னா வந்துச்சி? நீ அங்க குந்திகினு கீற, நான் இங்க தனியா துன்னணும். இது யாருக்கு வைத்தியம்?"

"பிலோமினா வந்தா?"

"சொல்லிடுவோம்."

"வேணாம் கஸ்தூரி."

"அந்தப் பொண்ணு தினமும் உன் எதிர்ல குந்துது. சொல்லாம இருந்தா அதுதான் தப்பு."

மறுநாள் அவள்தான் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா கையிலிருந்த அச்சை மெதுவாகக் கீழே வைத்தாள். "சரிக்கா, அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்," என்று எழுந்து போனாள். அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் வரவில்லை. கஸ்தூரி தனியாக அச்சுக் குத்தி, தனியாகச் சூடு காட்டி, விரலை உதறிக்கொண்டிருந்தாள். பிலோமினாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் நினைத்ததுதானே நடக்கிறது என்றிருந்தது.

ஒரு சாயங்காலம் அவளே வந்தாள். வந்ததும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"பயந்துட்டேன் அண்ணே. சொல்லிட்டேன், போதுமா? அந்த நர்ஸம்மாகிட்டயே போய் கேட்டேன். கேட்டது தப்பாப் போச்சு. புடவைய எறக்க சொல்லி முதுகு மொத்தம் பாத்துச்சு. கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல எங்க வூட்டுக்காரரு அவ்ளோ பொறுமையா பாத்ததில்ல."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நோய் தெரிந்த பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

"ஒண்ணும் இல்லன்னுச்சு. முன்ஜாக்கிரதைக்கு ஒரு வேளை மாத்திரை குடுத்துச்சு, முழுங்கிட்டேன்," என்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "எழுந்து வா அண்ணே. அக்கா சூடு காட்டுனா எல்லா அட்டையும் அப்பளமா வளையுது," என்றாள்.

மேசைக்குப் போனேன். ஆனால் சூடு காட்டும் வேலை என்னிடம் திரும்ப வரவில்லை. மரத்துப்போன கையை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிலோமினா துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளின் வாயில் பழைய பனியன் துணியைச் சுற்றினாள். தழும்பு விழவில்லை. நான் வலது கையால் அச்சுக் குத்தினேன், வெளியே சிந்திய பவுடரைச் சின்னத் தூரிகையால் ஒதுக்கினேன், "எடு" என்று சொன்னேன். உருகும் நேரம் எனக்குக் கண்ணிலேயே தெரியும். என் "எடு" கேட்டதும் கஸ்தூரி ஹீட் கன்னை நகர்த்துவாள்.

சிகிச்சையில் சிலவற்றை முன்பே தெரிந்துகொண்டால் பயப்படாமல் இருக்கலாம். மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவர்கள் முன்னாலேயே மாத்திரை விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். போகப்போகத் தோல் கருக்கும். கிடங்கில் ஒருவன், "இன்னா மாமு, துபாய் போய் வந்தியா?" என்று கேட்டான். தலையாட்டி வைத்தேன். மருந்து முடிந்த பிறகு அந்தக் கருமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) தனியாகக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட மாதங்களில் அடங்காத பசி எடுத்தது. சுண்டுவிரல் வளையத் தொடங்கியிருந்ததால் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலை நீவ வேண்டும். புண் இருக்கிறதா என்று கண்ணால் தேட வேண்டும். நீவிவிடுவதை கஸ்தூரி எடுத்துக்கொண்டாள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நீவுவாள். சில நேரம் விளம்பரம் வந்தபிறகும் விடமாட்டாள்.

மோதிர விரலுக்கு உணர்ச்சி வந்தது. முதலில் எறும்பு ஊறுவதுபோல, பிறகு குத்துவதுபோல. குத்தியது சந்தோஷமாக இருந்தது. அட்டையைத் தடவினால் அந்த விரலில் கோடுகள் தட்டுப்பட்டன. சுண்டுவிரலுக்கும் உள்ளங்கை ஓரத்துக்கும் வரவில்லை. இனி வர வாய்ப்புக் குறைவு என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரை முடிந்த அன்று, "உங்களுக்கு இப்ப நோய் இல்ல. கை மட்டும் இப்படி இருக்கும். பழகிக்கோங்க," என்றார். நன்றி சொல்ல நினைத்தேன். வழக்கம்போல வாய் வரவில்லை. கும்பிட்டேன்.

நோய் இல்லை, ஆனால் என் உடம்பில் எனக்குத் தெரியாத ஓரிடம் இருக்கிறது. அங்கே வெயில் படுகிறதா, கொசு கடிக்கிறதா, ஈரமா எதுவும் எனக்கு வந்து சேராது. உடம்பில் ஒன்று நடக்கும், நான் பார்த்தால்தான் நடந்ததாகத் தெரியும். முன்பெல்லாம் நடப்பதும் தெரிவதும் ஒன்றாகவே இருந்தன.

உங்கள் வீட்டில் யாருக்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய திட்டு இருந்தால் தேமல் என்று விட்டுவிடாதீர்கள். நான் சீக்கிரம் போயிருந்தால் இந்த விரலும் பிழைத்திருக்கலாம்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்பு, அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கஸ்தூரியும் நானும் ராயபுரம் கடைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். நெரிசலில் அவள் என் இடது பக்கம் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் ஆட்டோவும் நின்றது. மடியிலிருந்த பையைச் சரிசெய்யக் குனிந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் பக்கமாக, அவள் நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கமாக. எனக்குத் தெரியவே இல்லை.

"எப்ப புட்ச்ச?" என்றேன்.

"ஏறுனதுலருந்தே," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

நான் கையை அசைக்கவில்லை. முன்னால் லாரி நகரும்வரை, நகர்ந்த பிறகும், அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதற்கு முன் எத்தனை முறை பிடித்து, எனக்குத் தெரியாமலேயே விட்டிருப்பாள் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.