பைக்குக்குப் போன சைக்கிள் பின்

டயர் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள்: "அண்ணே, சைக்கிள் வால்வு பின் பைக்குக்குச் சேருமா?" நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதில் மாட்டிக்கொண்டேன்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காதர் பாய் கடை. அன்றைக்குப் பாய் சாமான் எடுக்கத் திண்டுக்கல் போயிருந்தார். நான் மட்டும்தான். ரெண்டு மூட்டை மல்லியோடு ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, காத்து நிக்கல. வெயில் ஏறுறதுக்குள்ள நிலக்கோட்டை மார்க்கெட் போகணும்."

வால்வுக்குள் காற்றைப் பிடித்து நிறுத்தும் பின் உடைந்திருந்தது. டப்பாவில் ஒரு பின்கூட இல்லை.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே, என் சைக்கிள்ல இருக்கு" என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், ஆட்டோமொபைல் டிப்ளமோ. அந்தத் தெம்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த என் சைக்கிளின் வால்வைப் பிடுங்கினேன். ரப்பர் போட்ட பழைய ரகம். பைக் வால்வுக்குள் நுழையவே இல்லை. ரப்பரும் கிழிந்தது.

"டிப்ளமோவுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?" என்று கத்தினார் பூக்காரர்.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த ரேவதி எட்டிப் பார்த்தாள். "ஏன் தொண்டத் தண்ணி வத்தக் கத்துறீக?" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என் கியர் சைக்கிள்ல பைக் மாதிரிதான் வால்வு இருக்கு. பாரு."

பார்த்தேன். அதே வால்வு. பின்னைக் கழற்றி மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.

சாயங்காலம்தான் உறைத்தது, அவள் சைக்கிளில் காற்று இல்லை. பாயும் வந்து சேரவில்லை.

"எங்க வீட்டுல ஓடாத பைக் ஒண்ணு நிக்குது. அதுல இருந்து எடுத்து இதுல மாட்டித் தா" என்றாள்.

சேவுகம்பட்டி ரோட்டில் முதல் திருப்பத்தில் அவள் வீடு. அவள் ஹேண்டில் பாரைப் பிடிக்க, ரிம் டியூபைக் கடிக்காமல் நான் கேரியரைத் தூக்கிக்கொண்டே நடந்தேன். "கை வலிக்குதா?" என்று மூணு தடவை கேட்டாள். வலித்தது. இல்லை என்றேன். அந்த வீடு இன்னும் செத்த தூரம் தள்ளி இருந்திருக்கலாம்.

மறுவாரம் பூக்காரர் அந்தப் பின்னைத் திருப்பிக் கொடுத்தார். அவளிடம் நீட்டினேன்.

"உங்கிட்டயே இருக்கட்டும். யாருக்காச்சும் ஒதவும்" என்றாள் ரேவதி.

ஆறு மாதத்தில் திருப்பூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். போகிற அன்றைக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கையாட்டினாள். நான் லாரி டயருக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்து வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அந்தப் பின் என் சட்டைப் பையிலேயே இருந்தது. போன மாதம் சித்தையன்கோட்டைக்காரர் ஒருவர், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து பைக்கைத் தள்ளிவந்தார். முன்சக்கரத்து வால்வில் பின் போயிருந்தது. அன்றும் டப்பா காலி. சட்டைப் பைக்குள் கையை விட்டேன், எடுத்தேன், மாட்டினேன்.

"இதை மட்டும் திருப்பிக் கொண்டாந்து குடுத்துருங்கண்ணே."

"இந்தத் துக்குணூண்டு பின்னையா?"

"ஆமாண்ணே."

தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: வாயால் சொல்வதற்கு முன் வால்வைப் பாருங்கள். பழைய ரகம் சேராது. கியர் சைக்கிளில் பைக் மாதிரி வால்வு இருந்தால் பின் சேரும், இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும்.

பின்னை வாங்கிப் போனவர் இன்னும் வரவில்லை. சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பைக்கிலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறேன்.