கேள்வி எழவில்லை

மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் தட்டச்சுக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், இங்கிலீஷில் மனு என்று எல்லாம் அடிப்பேன். அரசாங்கத்துக்கு எந்த வார்த்தை பிடிக்கும், எந்த வார்த்தை பிடிக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றொரு எண்ணம் இருந்தது. என் தங்கை தன் புருஷனுக்காக ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தபோதும் அந்த எண்ணம் அப்படியேதான் இருந்தது.

தங்கையைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மானாவாரிக் காடு. மழை ஏமாற்றிய ஒரு வருடத்தில் அவள் புருஷன் வளைகுடா நாடு ஒன்றுக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போனார். அங்கே அவர் லாரி ஒரு காரில் மோதி, காரிலிருந்தவருக்குக் கால் போய்விட்டது. ஒரு வருடம் ஜெயில் என்றார்கள். தப்பு நடந்தது உண்மை, தண்டனையை அனுபவித்துவிட்டு வரட்டும் என்று நாங்களும் மனதைத் தேற்றிக்கொண்டோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜெயிலிலிருந்து போன் பேசுவார். மூன்று நிமிடம்.

ஒரு வருடம் முடிந்தது. அவர் வரவில்லை. ஏன் விடவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை. அவர்கள் சொல்வது அரபியில். இவருக்கு லாரி ஓட்டும் அளவுக்குத்தான் அந்தப் பாஷை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டான்.

தூதரகத்துக்கு மெயில் அனுப்பினேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று கம்ப்யூட்டரே பதில் போட்டது. நான்கு முறை அனுப்பினேன், நான்கு முறையும் அதே பதில். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். கடைசியில் எங்கள் எம்.பி. ஆபீஸுக்குப் போனோம்.

அங்கே இருந்த உதவியாளருக்கு முப்பது வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டார். "அக்கா, லெட்டர் போட்டா அது எங்கயாச்சும் கிடக்கும். பார்லிமெண்ட்ல கேள்வியாப் போட்டுட்டா மந்திரி பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார். அதைக் கேட்டதும் தங்கை கும்பிட்டாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், ஜெயில் இருக்கும் ஊர் எல்லாம் போட்டு நானே கேள்வியை அடித்துக் கொடுத்தேன்.

பத்து நாளில் உதவியாளர் கூப்பிட்டார். "தனி ஆளப் பத்திக் கேள்வி போட்டா எடுக்க மாட்டாங்களாம்க்கா. பொதுவாக் கேக்கணும்."

பொதுவாக எழுதினோம். அயல்நாட்டுச் சிறைகளில் இருக்கும் நம் தொழிலாளர்களை அதிகாரிகள் போய்ப் பார்க்கிறார்களா. தண்டனை முடிந்தும் விடுவிக்கப்படாதவர்கள் யாராவது இருக்கிறார்களா. இருந்தால் என்ன காரணம். தங்கை அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிப்பாள். "அவுக பேரே இல்லையேக்கா" என்றாள். "பேரு வேணாம்டி, விசயம் போயிருச்சுல்ல" என்று சமாதானம் சொன்னேன். அவளிடம் அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம்.

நட்சத்திரக் குறி போட்ட கேள்வியாக வந்தால் மந்திரி சபையில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்லவேண்டும், எம்.பி. மடக்கித் துணைக்கேள்வி கேட்கலாம். அதற்குக் குலுக்கல். எங்களுக்கு அது விழவில்லை. எழுத்தில் பதில் வந்தது. உதவியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்ப, கடையில் வைத்து அச்செடுத்தேன்.

தொழிலாளர் நலனுக்கு அரசு மிக உயர்ந்த முன்னுரிமை தருகிறது. தூதரக அதிகாரிகள் தவறாமல் சிறைகளுக்குச் சென்று வருகிறார்கள். தண்டனை முடிந்தவர்கள் தாமதமின்றித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். தண்டனை முடிந்தும் உள்ளே இருப்பவர்கள்: இல்லை. காரணம் என்ன: கேள்வி எழவில்லை.

வாழ்நாள் முழுக்க இந்தப் பாஷையை அடித்துக் கொடுத்தவள் நான். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேள்வி எழவில்லையாம். பேரையூரில் ஒருத்தி தினமும் எழுந்ததும் அந்தக் கேள்வியோடுதான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

அடுத்த போனில் அவரிடம் கேட்டேன். "தூதரகத்துல இருந்து யாராச்சும் வந்து பாத்தாகளா?"

"ஒருத்தரும் வரல மதினி. வருவாகளா?" என்றார்.

போனைத் தங்கையிடம் கொடுத்தேன்.

அந்த வாரம் டவுன்ஹால் ரோட்டில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வாடகை ஒப்பந்தம் அடிக்க வந்தார். தப்புத்தப்பாக அடித்தேன். "என்னம்மா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். அவர் ஜெயில் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் இரண்டாம் முறை கேட்டார். "என் தம்பி அங்கதாம்மா லாண்டரியில இருக்கான். வெள்ளிக்கிழமை லீவு. போய்ப் பாக்கச் சொல்றேன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அந்தத் தம்பி போனார். முதல் வெள்ளிக்கிழமை உள்ளே விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டார். அரபி படிக்கத் தெரிந்தவர். ஜெயில் ஆபீஸில் தண்டனை விவரத் தாளைக் காட்டச் சொல்லிப் படித்தார். அன்று சாயங்காலம் எனக்கே போன் செய்தார். "அக்கா, இவரோட தண்டனை முடிஞ்சு அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு. பாஸ்போர்ட் இல்லாததால ஊருக்குப் போக நம்ம தூதரகம் ஒரு தாள் தரணும். அந்தத் தாளை யாரும் கேக்கவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். மந்திரி 'இல்லை' என்று எழுதிய அன்று அவர் அங்கே இருந்தார், தண்டனை முடிந்து நான்கு மாதத்துக்கு மேல்.

லாண்டரிக்காரத் தம்பி வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று முறை தூதரகக் கவுண்ட்டரில் போய் நின்றார். ஃபைலே இல்லை என்றார்களாம். நான் அனுப்பிய மெயில்களைக் காட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை விண்ணப்பத்தை வாங்கினார்கள். ஒன்பதாவது நாள் என் தங்கை புருஷன் மதுரை விமான நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து இறங்கினார். எல்லாரும் அழுதோம். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்கு அந்த ஒன்பது நாள்தான் மண்டையில் ஓடியது. ஒன்பது நாள் வேலை. அதை ஐந்து மாதம் யாரும் செய்யவில்லை.

அடுத்த வாரமே எம்.பி. ஆபீஸுக்குப் போனேன். விடுதலைத் தாளின் மொழிபெயர்ப்பு, பயணத் தாள், மந்திரியின் பதில் மூன்றையும் மேசையில் வைத்தேன். "இந்தப் பதில் பொய். திருத்தச் சொல்லுங்க" என்றேன்.

உதவியாளர் சிரித்த முகத்தோடு, "அதான் மாப்ள வந்துட்டாருல்லக்கா. இன்னும் எதுக்கு?" என்றார்.

"தம்பி, அவரு வந்தது இவுகளாலயா? லாண்டரியில துணி தேய்க்கிற பையன் கண்டுபிடிச்சத ஒரு அரசாங்கம் கண்டுபிடிக்கலையே. இவரு மாதிரி அங்க இன்னும் எத்தன பேரோ. அவுகளுக்கும் இந்தத் தாள்தான் பதிலு."

என் குரல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். மனு கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உதவியாளர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. தாள்களை வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன்தான், அடுத்த கூட்டத்தொடரில் உண்மையாகவே எம்.பி. பெயரில் ஒரு கேள்வி போட வைத்தார். முன்பு தந்த பதில் சரியானதுதானா, அதைத் திருத்தும் எண்ணம் உண்டா என்று.

அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்ட பொருள் என்று திருப்பிவிட்டார்கள்.

எந்தப் பதில் தப்பு என்று கேட்டோமோ, அந்தப் பதிலையே காரணமாகக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று மத்தியானமே அடுத்த தாளை அடிக்க உட்கார்ந்தேன். மந்திரிக்கே நேராகப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. வேறொன்றும் வரவில்லை. இரண்டாவது கடிதமும் அடித்து, தங்கை புருஷனிடம் கையெழுத்து வாங்கப் பேரையூருக்குப் போனேன்.

தங்கை வாசலிலேயே மறித்தாள். "விடுக்கா. வந்து சேந்துட்டாரு, அது போதும். திரும்ப எதையாச்சும் கிண்டி வம்பாயிரப்போகுது."

"உனக்குப் போதும்டி, எனக்குப் போதாது" என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டுபோய் உள்ளே போனாள். அவளிடம் கத்தியது தப்பு. அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவள் புருஷன் கடிதத்தை வாங்கி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் தமிழில் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு, "என்னோட அறையில இன்னும் ரெண்டு பேரு இருந்தாக மதினி. ஒருத்தர் ஆந்திராக்காரரு. அவுகளுக்கும் தண்டன முடிஞ்சிருக்குமோ என்னமோ. அதையும் சேத்து எழுதுங்க" என்றார்.

கையெழுத்து வாங்காமல் கடைக்குத் திரும்பினேன். அந்த இரண்டு பேரையும் சேர்த்து முதல் வரியிலிருந்து திரும்ப அடிக்க ஆரம்பித்தேன்.